நாடகத்தில் நைனாவுக்கு இடமில்லை

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுதி என்ன ஆகப்போகிறது என்று ஒரு பக்கம். எனக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு இன்னொரு பக்கம். கல்லூரியில் இரண்டாம் வருடம் வரை போனவன் நான். அரியர்கள் மட்டும் என்னை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே வந்தன. கடைசியில் நான்தான் கல்லூரியை விட்டுப் பிரிந்தேன். அதோடு, எதைச் சொன்னாலும் நடுவில் ஒரு கிண்டல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவது என் வழக்கம். இந்த விஷயத்தில் அது உட்காரக் கூடாது என்று நினைத்தேன். அதற்குப் பதில் டீ குடிக்கப் போகலாம் என்று தோன்றியது.

போன வாரம் அடையாறில் ஒரு கல்லூரி வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். மாணவர்களுக்கான நிதி விழிப்புணர்வு வாரம். படத்தில் ஒரு பையன் பன்றி உண்டியலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அவ்வளவு சிரிப்பு. சிக்னலில் வண்டியை நிறுத்தி அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, என் குடும்பத்தை விசாரித்தார். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

தி.நகரில் ஒரு செல்போன் உதிரிக் கடையில் வேலை செய்கிறேன். போன் மேல் கண்ணாடி ஒட்டுவது, உறை மாட்டுவது, சார்ஜர் விற்பது. வாடிக்கையாளரைக் கலாய்ப்பதற்கு மட்டும் தனிக் கட்டணம் கிடையாது. என் நண்பன் மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் வணிகவியல் படித்தான். இது நடந்தபோது கடைசி வருடம். நாங்கள் இருவரும் மேற்கு மாம்பலத்தில் ஒரே சந்து, ஒரே பள்ளி, ஒரே பெஞ்ச். அவன் படித்தான், நான் பெஞ்சைச் செதுக்கினேன்.

காசு விஷயத்தில் அவன் கில்லாடி என்று பெயர். அவன் துறையில் நிதி மன்றம் என்று ஒன்று வைத்திருந்தார்கள், அதற்கு மாணவர் தலைவர் அவன்தான். சேமிப்பு, வட்டி, பங்கு என்று வாய் ஓயாமல் பேசுவான். நான் குடிக்கிற டீயைக் கூட விடமாட்டான்.

"டெய்லி நீ டீக்குக் குடுக்கிற காசை மாசா மாசம் போட்டு வெச்சன்னு வெச்சிக்கோ மச்சி, ரிடையர் ஆவும்போது கைல எவ்ளோ இருக்கும் தெரியுமா?"

"டீ இல்லாம அது வரைக்கும் நான் உயிரோட இருக்கணுமே மச்சி."

அவன் அப்பாவுக்கு எங்கள் சந்து முனையில் இஸ்திரி வண்டி. அவன் நைனா என்று கூப்பிடுவான், கேட்டுக் கேட்டு எனக்கும் நைனா ஆகிவிட்டார். சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளின் துணியெல்லாம் அவர் வண்டிக்குத்தான் வரும். கரி போட்ட இரும்புப் பெட்டியைத் தூக்கித் தூக்கி அவருக்கு வலது தோள் போய்விட்டது. கையை மேலே தூக்கிச் சட்டை போடவே முடியாது, பிள்ளைதான் மாட்டிவிடுவான். கேஸில் ஓடும் இஸ்திரிப் பெட்டி வாங்கிவிட்டால் எடை குறைவு, கரித் தூசும் இல்லை. அதற்காகச் சேர்த்துக்கொண்டிருந்தார். சேர்த்ததைப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் போட்டு வைத்தார். படித்த பிள்ளை, காசு விவரம் தெரிந்த பிள்ளை. வேறு யாரிடம் கொடுப்பார்.

நைனாவுக்கு எழுதப் படிக்க வராது. நான்தான் எங்கள் கடையிலிருந்து ஒரு பழைய போனைச் சரி பண்ணிக் கொடுத்தேன், துணி எடுக்க வரச் சொல்லி வாடிக்கையாளர்கள் குரலில் செய்தி அனுப்புவதற்கு. குரல் என்றால் கேட்டுக்கொள்வார். எழுத்தாக வந்தால் அந்த நேரம் துணி வாங்க நிற்கிறவர் யாரோ, அவரிடம் போனை நீட்டுவார். "இன்னா போட்டுக்கினு கீதுன்னு பாருங்க சார்" என்பார். ஒளிவு மறைவு கிடையாது. மறைக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் நண்பன் கடைக்கு வந்தான். கல்லூரியில் நிதி விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வேண்டும், போன வருடம் வங்கி அதிகாரி ஒருவர் வந்து பேசினார், மாணவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள், இந்த வருடம் நாடகம் போடலாம் என்று மன்றத்தைப் பார்த்துக்கொள்கிற மேடம் சொல்லிவிட்டார் என்றான்.

"அதுக்கு எங்கிட்ட ஏன்டா வந்த?"

"ஏமாளி வேஷத்துக்கு ஆள் கிடைக்கல. காலேஜ்ல எவனும் பண்ண மாட்டேங்கிறான்."

"அதான் நேரா இங்க வந்துட்டியா. ரொம்ப சந்தோசம்டா."

"உனக்கு மேக்கப்பே வேணாம் மச்சி."

அவனும் கலாய்ப்பான், எனக்குச் சற்றும் குறையாமல். அதை இங்கே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் அவனை எப்போதும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறவன் என்று நினைத்துவிடக் கூடாது.

லஸ் பக்கத்தில் இருக்கும் பூங்காவில் சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். நடைப்பயிற்சி போகிற பெரியவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் எங்களை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்கள். கதை எல்லாம் அவனே எழுதியிருந்தான். ஒரு மாணவன் நண்பர்களுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுக்கக் காசில்லாமல், செல்போனில் வருகிற கடன் செயலி ஒன்றில் கடன் வாங்குகிறான். பெயர், போட்டோ, அடையாள அட்டை, அப்புறம் போனில் இருக்கிற எல்லோருடைய நம்பரையும் பார்க்க அனுமதி. அனுமதி கொடு என்று அது கேட்கும், இவன் கொடுப்பான். ஒரு வாரத்தில் வட்டியோடு திருப்பிக் கேட்பார்கள். இவனிடம் இருக்காது. அதை அடைக்க இன்னொரு செயலி. அதை அடைக்க மற்றொன்று. கடைசியில் வசூல்காரன் இவன் போனில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, இவன் திருடன் என்று சொல்வான்.

அந்த வசூல் காட்சிதான் நாடகத்தில் சிரிப்பு. முடிவெட்டுகிறவருக்குப் போன் போகும். பாதி வெட்டிய தலையோடு நான் ஓட, அவர் கத்திரியோடு துரத்துவார். பிரியாணி மாஸ்டருக்குப் போகும். பழைய காதலிக்குப் போகும், "ஐயோ எங்கிட்டயும் இருநூறு ரூபாய் வாங்கியிருக்கான்" என்பாள். நான் ஒரு யோசனை சொன்னேன்.

"கடைசியா அப்பாவுக்குப் போன் போற மாதிரி வெச்சிக்கலாம் மச்சி. அப்பா துடைப்பக்கட்டையோட வராரு. செம்மையா இருக்கும்."

"அப்பா வேணாம்."

"ஏன்டா, அதான்டா பஞ்ச்."

"அப்பா வந்தா காமெடி போயிடும். விடு."

சட்டென்று சொன்னான். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு ஒத்திகை போதும் என்றான். எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தான். நாடகத்துக்கு முதல் நாள் துறை மாணவர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போகும். அவனுடைய போட்டோவைப் போட்டு, கீழே இப்படி எழுதியிருக்கும்: இவன் திருடன், கடன் வாங்கிவிட்டு ஓடி ஒளிகிறான், இவனோடு பழகாதீர்கள். நாடகம் முடிந்ததும் அவன் மேடையேறி, "நேத்து மெசேஜ் வந்துதா, இப்படித்தான் மிரட்டுவாங்க, யாருக்காவது இப்படி வந்தா நம்பாதீங்க, பயப்படாதீங்க, போலீசுக்குப் போங்க" என்று சொல்வான். மேடத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"ரொம்ப ப்ராக்டிகலா இருக்குப்பா. ஆனா உன் போட்டோவை ஏன் போடுற? நெட்ல இருந்து வேற யாராவது படத்தை எடுத்துக்கலாமே."

"அது நியாயமில்ல மேடம். என் மூஞ்சியே இருக்கட்டும்."

தன் முகத்தையே கொடுக்கிறான் பாருங்கள் என்று மேடம் மற்ற மாணவர்களிடம் சொன்னாராம்.

நாடகம் நன்றாகவே போனது. நன்றாக என்றால், அரங்கத்தில் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருக்கிற வசனத்தோடு இல்லாததையும் சேர்த்துவிட்டேன். கடன் கொடுக்கிற போனுக்குக் கற்பூரம் காட்டினேன். வசூல்காரன் காலில் விழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன். கடைசியில் நண்பன் வந்து மைக்கைப் பிடித்தான். எல்லோரும் கைதட்டி, "திருடன், திருடன்" என்று ராகம் போட்டுக் கத்தினார்கள். அவன் சிரித்துக்கொண்டே கும்பிட்டான். சொல்ல வேண்டியதைச் சொன்னான். "நம்பாதீங்க" என்பதை மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னான்.

அடுத்த வாரம் மறுபடியும் அவன் போட்டோவோடு செய்தி வந்தது. எனக்கும் வந்தது. இந்தத் தடவை அவன் அடையாள அட்டையும் சேர்ந்திருந்தது. வாசகம் கொஞ்சம் நாறலாக இருந்தது. சரி, பயல் விழிப்புணர்வை விடாமல் செய்கிறான் என்று நினைத்தேன். அவன் வகுப்புக் குழுவில் ஒருவன், 'பார்ட் டூ வந்திருச்சு' என்று போட்டானாம். சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. யாரும் நம்பவில்லை. நம்பக்கூடாது என்றுதானே சொல்லிக் கொடுத்திருந்தான்.

அதற்கு மறுநாள், ஒரு அம்மாவின் போனில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒரு அழைப்பு வந்தது. தெரியாத நம்பர். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டேன். நண்பனின் பெயரைச் சொல்லி, அவன் கடன் வாங்கியிருக்கிறான், நீங்கள் அவனுக்கு ஜாமீன், நீங்கள் கட்டுங்கள் என்று ஒரு ஆள் பேசினான்.

நாடகத்தில் வசூல்காரனாக நடித்த பையன் என்றே நினைத்தேன்.

"தலைவா, நடிப்பு சோக்கா கீது. ஆனா மேடைல கத்துனியே, அந்த கெத்து இல்ல. கொஞ்சம் உப்பு போட்டு சாப்பிட்டுட்டு வந்து பேசு."

"தம்பி, வெளையாடாதீங்க."

"வெளையாடலண்ணே. பிரியாணி மாஸ்டருக்குப் போன் போட்டுட்டியா? கட்டிங் கடைக்கு? வரிசையா போ, ஸ்கிரிப்ட் படி போ."

கண்ணாடிக்காக நின்ற அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். எதிர்முனையில் அந்த ஆள் கோபப்படவில்லை. அதுதான் வித்தியாசமாக இருந்தது. நாளெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவன் போல, பால் பாக்கி கேட்கிறவன் போலப் பேசினான்.

"சரி, நீங்க கட்ட மாட்டீங்க. விடுங்க. நைனான்னு ஒரு நம்பர் போட்டு வெச்சிருக்கான். அப்பான்னு தெரியுது. இப்ப அவருக்குத்தான் அனுப்பப் போறேன்."

வைத்துவிட்டான்.

என் கையில் கண்ணாடிக்கு அடியில் ஒரு காற்றுக் குமிழி இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா வேணாம் என்றவன் அவன். நாடகத்தில் அப்பாவுக்குக் காட்சி கிடையாது. நடிக்கிற பையன் யாரும் நைனா என்ற பெயரைச் சொல்ல வழியே இல்லை.

முதலாளியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு எங்கள் சந்துக்கு ஓடினேன். ரயில் நிலையத்து மேம்பாலத்தில் பை தூக்கிய கூட்டம், வண்டி பிடிக்க எதிரே வருகிற கூட்டம். இடித்துக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினேன். நண்பனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை.

நான் போனபோது வண்டி அருகில் முதல் மாடி மாமா நின்றுகொண்டிருந்தார். பணி ஓய்வு பெற்றவர், பேப்பரை விளம்பரம் வரை படிக்கிறவர். நைனாவின் போன் அவர் கையில். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற நிதானத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது, உன் பிள்ளை போட்டோ போட்டிருக்கான். திருடன்னு எழுதியிருக்கு. கடனை வாங்கிண்டு ஓடிட்டான்னு. இன்னும் என்னென்னமோ போட்டிருக்கு, அதையெல்லாம் வாயால படிக்க முடியாது."

நைனா பெட்டியைத் துணி மேல் வைத்தபடி நின்றார். அது ஒரு வெள்ளைச் சட்டை. பெட்டியை எடுங்கள் என்று நான்தான் சொன்னேன். எடுத்தார். சட்டை பிழைத்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். சிரித்தேன்.

"மாமா, அது டிராமா. இவன் காலேஜ்ல விழிப்புணர்வு பண்றாங்க. இந்த மாதிரி மெசேஜ் வந்தா ஏமாறாதீங்கன்னு சொல்றதுக்கு அவங்களே அனுப்புறாங்க. நான்தான் அதுல ஹீரோ. இதோ பாருங்க."

என் போனில் நாடகத்தின் வீடியோ இருந்தது. காட்டினேன். நான் கற்பூரம் காட்டுவதைப் பார்த்து மாமா சிரித்தார். "நன்னா பண்றியேடா. நான் ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன். ஆத்துல போய்ச் சொல்றேன்." துணியை வாங்கிக்கொண்டு படியேறிப் போனார்.

நைனா வீடியோவின் கடைசிப் பகுதியை மறுபடியும் போடச் சொன்னார். மேடையில் பிள்ளை, கையில் மைக், கூட்டம் கைதட்டுகிறது.

"நெசமாவே டிராமாதானா?"

"நெசமாவே நைனா."

"அடப் பாவிங்களா. இப்டியாடா பயமுறுத்துவீங்க."

பெட்டியைத் திறந்து கரியை விசிறினார். விசிறியை இரண்டு தடவை கீழே போட்டார். தோள் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அன்று சாயங்காலம் நண்பனைப் பிடித்தேன். நொச்சிக்குப்பம் பக்கம், மீன் விற்று முடித்துப் பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சாலையோரம் கவிழ்த்து வைத்திருந்த படகு ஒன்றில் சாய்ந்து நின்றான்.  அவனே சொன்னான்.

கேஸ் பெட்டிக்காக நைனா சேர்த்திருந்த காசைப் பங்குச் சந்தையில் போட்டிருக்கிறான். போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிற பங்கு இல்லை, காலையில் வாங்கிச் சாயங்காலத்துக்குள் விற்கிற சூதாட்டம். முதலில் கொஞ்சம் வந்தது. பெட்டியோடு வண்டிக்கு மேல் ஒரு நல்ல கூரையும் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று இன்னும் போட்டான். எல்லாம் போனது. நைனா கேட்பதற்குள் நிரப்பிவிடலாம் என்று ஒரு கடன் செயலி. அதை அடைக்க இன்னொன்று. மீதியை நான்தான் மேடையில் நடித்துக் காட்டியிருந்தேனே.

"உன் போன்ல கீற எல்லாருக்கும் அனுப்புவேன்னு சொன்னான் மச்சி. நாள் குறிச்சிட்டான். எப்படியும் அனுப்பத்தான் போறான். அதுக்கு முன்னாடி நானே அனுப்பிட்டா யாரும் நம்ப மாட்டாங்கல்ல."

"அதுக்குத்தான் டிராமாவா?"

"காலேஜ் வரைக்கும் ஒர்க் அவுட் ஆச்சி. நைனாவை எப்படி மறந்தேன்னு தெரியல."

மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நைனாவுக்கு அந்த நாடகத்தை எப்படிக் காட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மேடையில் எல்லோரையும் போலீசுக்குப் போகச் சொன்னவன், தான் போகவில்லை. போனால் வீட்டுக்குத் தெரியும் என்றான். மேடத்திடமும் போக முடியாது. துறை அறிவிப்புப் பலகையில் அவன் கும்பிடுகிற போட்டோவை ஒட்டியிருந்தார்கள். என் கடை மாடிப்படியில் உட்கார வைத்து, என் போனிலிருந்தே இணையத்தில் புகார் போட வைத்தேன். அப்புறம் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள், இருவரும் போனோம். இனி ஒரு பைசா கட்டாதே, அந்தச் செயலிகளை அழித்துவிடு, வருகிற மிரட்டலை எல்லாம் எடுத்து வை என்றார்கள். நன்றாகத்தான் பேசினார்கள். அழைப்புகள் குறைந்தன. ஆனால் செய்திகள் மட்டும் புதுப் புது நம்பர்களிலிருந்து வந்துகொண்டிருந்தன. சந்தையில் போனது போனதுதான், அதற்கு எங்கேயும் புகார் போட முடியாது.

இதற்கு நடுவில் எங்கள் சந்தில் நடந்ததை மட்டும் என்னால் இன்றைக்கும் கிண்டலாகச் சொல்ல முடியவில்லை.

டிராமா என்று நான் சொன்னதை நைனா அப்படியே எடுத்துக்கொண்டார். துணி வாங்க வருகிற எல்லோரிடமும் போனை நீட்டினார். இப்போது படித்துச் சொல்லக் கேட்கவில்லை. காட்டினார்.

"நம்ம பையன் காலேஜ்ல டிராமா போட்டுக்கினு கீறான்மா. அவன்தான் தலைவரு. பாரு, திருடன்னு போட்டோ போட்டுக்கினு கீது. பார்த்தா நெசம் மாதிரியே இல்ல?"

இரண்டாம் மாடி டீச்சரம்மா பார்த்தார். காவலாளி பார்த்தார். கரி கொண்டு வருகிறவர் பார்த்தார். தெரு முழுக்கத் தன் பிள்ளையின் முகத்துக்குக் கீழே திருடன் என்று எழுதியிருந்ததை, அவர் தன் கையாலேயே கொண்டுபோய்க் காட்டினார். சம்பாதித்த பட்டத்தைக் காட்டுகிற மாதிரி. வசூல்காரன் நினைத்திருந்தால்கூட இவ்வளவு செய்திருக்க முடியாது. அந்த வழியாக நண்பன் கல்லூரிக்குப் போகும்போது, "என்னப்பா, திருடா, அடுத்து என்ன வேஷம்" என்று பால்கனியிலிருந்து கேட்பார்கள். அவன் நின்று கும்பிடுவான். மேடையில் கும்பிட்ட அதே கும்பிடு. நான் பக்கத்தில் இருந்தால் ஏதாவது ஒரு ஜோக் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பேன். சிரித்துக்கொண்டிருக்கும் வரை யாரும் வேறு கேள்வி கேட்பதில்லை.

அப்புறம் ஒரு படம் வந்தது. அவன் தலையை வெட்டி வேறு ஒரு உடம்பில் ஒட்டிய படம். எனக்கும் வந்தது, அதனால் நைனாவுக்கும் வந்திருக்கும் என்று தெரிந்தது. அதை விவரிக்கப் போவதில்லை. படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும்.

மறுநாள் வண்டிப் பக்கம் போனேன். டீச்சரம்மா சேலையை வாங்கிக்கொண்டு, "புதுசா ஏதும் வரலியா, உங்க பையன் டிராமாவுல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. வரல" என்றார் நைனா.

போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. வழக்கமாக வண்டியின் மேல் துணிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். டீச்சரம்மா போனதும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டேய், அந்த டிராமா முடிஞ்சிதாடா?"

"முடிஞ்சி மாசம் ஆச்சி நைனா."

"அப்பால ஏன் இன்னும் வந்துக்கினே கீது?"

  கரித் தட்டில் சாம்பல் நிறைந்திருந்தது. அதைக் கொட்டிவிட்டு வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனேன். தெருமுனைக் குப்பைத் தொட்டி வரை போய்விட்டு மெதுவாகத் திரும்பி வந்தேன். நைனா மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தார். இடது கையால் தேய்த்தார். பழக்கமில்லாத கை, மடிப்பு கோணலாக விழுந்தது. அதன் மேலேயே திரும்பத் திரும்பப் பெட்டியை ஓட்டினார். கேள்வியை மறுபடியும் கேட்கவில்லை.

அதற்குப் பின் அவர் யாரிடமும் போனை நீட்டவில்லை. எழுத்தில் வந்தால் எழுத்திலேயே கிடக்கும். துணி எடுக்க வரச் சொல்லி அனுப்பியதைக் கவனிக்கவில்லை என்று ஒன்றிரண்டு வீடுகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. வருகிறவர்கள் டிராமாவைப் பற்றிக் கேட்டால் முடிந்துவிட்டது என்பார். கேஸ் பெட்டியைப் பற்றியும் பேச்சை எடுக்கவில்லை. வெயில் காலத்துக்குள் வாங்கிவிடவேண்டும் என்று அதுவரை தினமும் சொல்லிக்கொண்டிருந்தவர்.

நண்பன் தேர்வு எழுதினான், தேறினான். இப்போது தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறான். என் கடைக்கு எதிர் வரிசைதான். சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கிறான், எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. நிதி, சேமிப்பு, வட்டி என்று இப்போது அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதில்லை. நான் டீ குடித்தால் பேசாமல் பக்கத்தில் நின்று அவனும் குடிக்கிறான். கல்லூரியிலிருந்து மேடம் கூப்பிட்டாராம், இந்த வருட நிகழ்ச்சிக்கு முன்னாள் மாணவனாக வந்து பேச வேண்டும் என்று. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டான். ஒருவேளை அவன்தான் போய்ப் பேச வேண்டும். எனக்கு அதைச் சொல்லத் துணிவு வரவில்லை.

அடையாறில் அந்தப் பேனரைப் பார்த்த மறுநாள், கடைக்குப் பின்னால் டீ குடிக்கும்போதுதான் நைனா என்னிடம் அன்றைக்குக் கேட்டதை அவனிடம் சொன்னேன். இவ்வளவு நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். அவன் குவளையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டான். நான் விடவில்லை.

"அவருக்குத் தெரியும்டா. இனிமேலும் மறைச்சி இன்னா பண்ணப் போற? நேரா போய் உக்காந்து சொல்லிடு மச்சி. திட்டுனா திட்டட்டும். உங்கிட்ட அவரு ஒண்ணுமே கேக்கலியா?"

அவன் குவளையில் மிச்சம் இருந்ததைக் கீழே ஊற்றினான்.

"டெய்லி சட்டை மாட்டிவுடும்போது, அடுத்த டிராமா எப்படா போடப் போறன்னு கேக்குறாரு மச்சி."